எலியும் திரியும்

என் கொம்பாஸ் பெட்டிக்குள் ஒரு துண்டு வயர் கிடக்கிறது. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். ஒரு முனையில் சிவப்பு உறை அப்படியே இருக்கிறது. மறு முனையில் உறை உருகிக் கருகி, செப்பு நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கின்றன. வகுப்பில் யாராவது பென்சில் எடுக்கப் பெட்டியைத் திறந்தால், "இதென்னடி குப்பை?" என்று எறியப் பார்ப்பார்கள். நான் வாங்கி உள்ளே வைத்துவிடுவேன். கேட்டவர்களுக்கெல்லாம் முழுக்கதையும் சொல்ல நேரம் இருந்ததில்லை. இந்தச் சஞ்சிகையில் அதை எழுதலாம் என்று ஆசிரியை சொன்னதால் எழுதுகிறேன்.

என் வாப்பா திருவிழா வியாபாரி. வளையல், கழுத்துமாலை, பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான், சீப்பு, கண்ணாடி, ரிபன் எல்லாம் அவருடைய பழைய டொல்பின் வேனில் இருக்கும். சந்தை நாட்களில் சந்தைக்குப் போவார். கோயில் திருவிழா, தேவாலயத் திருநாள், கந்தூரி என்று எங்கே சனம் கூடுகிறதோ அங்கே வேன் நிற்கும். ஆடி மாதம் வந்தால் உடப்பு. சிலாபம் - புத்தளம் வீதியில் பத்துளுஓயாவில் திரும்பி, ஏரியைத் தாண்டிக் கடலை நோக்கிப் போனால் வரும் ஊர் அது. இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியில் வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கரைவலையும் அம்பாப் பாட்டும் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பும் அந்த ஊரின் அடையாளங்கள். திருவிழா நாட்களில் கோயில் வீதியின் இரு பக்கமும் கடைகள் முளைத்துவிடும். அதில் ஒன்று எங்களுடையது.

அந்த நாட்களில் வேன்தான் வாப்பாவின் வீடு. பின் சீற்றுகளைக் கழற்றிவிட்டு ஒரு பலகைத் தட்டு அடித்திருக்கிறார். பகலில் அதன்மேல் சாமான் பெட்டிகள் இருக்கும், இரவில் படுக்கை விரிப்பார். பாடசாலை விடுமுறையில் உம்மாவும் நானும் தம்பியும் கூடப் போவோம். உம்மாவுக்கும் எனக்கும் இரவு தங்குவதற்கு அங்கே ஒரு வீடு உண்டு. வாப்பா வாலிபராக இருந்த காலத்திலிருந்தே பழக்கமான குடும்பம் அது. அந்த வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வாப்பாவை நானா என்பார், உம்மாவை லாத்தா என்பார். இறால் பண்ணைகளில் மோட்டர்களும் பம்புகளும் பழுதானால் அவரைத்தான் தேடி வருவார்கள்.

முன்பெல்லாம் கடைக்கு வெளிச்சம் ஒரு சிறிய பெற்றோல் ஜெனரேட்டரில் இருந்து வந்தது. 2022ஆம் ஆண்டு எல்லோருக்கும் நினைவிருக்கும். நுரைச்சோலையின் 900 மெகாவாற்று மின்நிலையம் இருப்பது எங்கள் புத்தளம் மாவட்டத்தில்தான். இருந்தும் அந்த மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. பெற்றோல் வரிசையில் வாப்பா இரவு பகலாக நின்றார். வேனுக்கே எண்ணெய் இல்லாதபோது ஜெனரேட்டருக்கு எங்கே போவது? அந்த வருடம் பல திருவிழாக்களுக்கு அவர் போகவேயில்லை. அடுத்த வருடம் உம்மாவின் இரண்டு காப்புகளை அடகு வைத்து, 100 வாற்று சோலர் பனல் இரண்டு, ஒரு பற்றரி, ஒரு சாஜ் கொன்ரோலர் எல்லாம் வாங்கினார். தெரிந்த ஒரு வயரிங் பாஸ் வந்து பூட்டிக் கொடுத்தார். வேனின் கூரையில் இரண்டு பனல், பலகைத் தட்டுக்குக் கீழே பற்றரி, முன்னால் டிரைவர் சீற்றுக்குப் பக்கத்தில் கொன்ரோலர். அதன் அருகில் ஒரு பியூஸ். மஞ்சள் நிறம், 20 அம்பியர்.

அன்று வாப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "மகள், நீங்க படிச்சவங்க. தம்பி படுக்கிற இடத்துக்குக் கீழதான் பற்றரி இருக்கு. ஆபத்து ஒண்டும் இல்லையே?"

நான் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் ஏ சித்தி பெற்ற புதிது. உருகி என்றால் என்ன, மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சினால் அது எப்படி உருகிச் சுற்றைத் துண்டிக்கும் என்றெல்லாம் தூக்கத்திலும் சொல்வேன். "பியூஸ் பூட்டி இருக்கு வாப்பா. 12 வோல்ற்றுதானே, தொட்டாலும் அடிக்காது. பயமில்ல" என்றேன். வாப்பா அதை நம்பினார்.

உடப்பில் தீமிதிப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது அது நடந்தது. இரவு பதினொரு மணி. சனம் குறைந்துவிட்டது. வாப்பா மேசையில் இருந்த வளையல்களை அடுக்கிக்கொண்டிருந்தார். தம்பி ஒன்பது மணிக்கே வேனுக்குள் போய்ப் படுத்துவிட்டான். கடையின் பல்புகள் திடீரென்று மங்கின. ஒரு நிமிடம் கழித்து இன்னும் மங்கின. பற்றரி இறங்குகிறதாக்கும் என்று நினைத்தோம். "தம்பிக்குப் போர்வையைப் போட்டுட்டு வாங்க, நாம போவம்" என்றார் உம்மா. நான் வேன் கதவை இழுத்துத் திறந்தேன்.

பிளாஸ்டிக் கருகும் மணம் முகத்தில் அடித்தது. பலகை இடுக்குகளில் இருந்து வெள்ளைப் புகை கயிறு கயிறாக எழும்பிக்கொண்டிருந்தது. தம்பி அதன்மேல் தூங்கிக்கொண்டிருந்தான். நான் கத்தினேனா, என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அவனை இரண்டு கைகளாலும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து மணலில் விழுந்தது மட்டும் நினைவிருக்கிறது. வாப்பா ஓடி வந்தார். பக்கத்துக் கச்சான் கடைக்காரர் வாளித் தண்ணீரோடு வந்தார். எங்களைக் கூட்டிப் போக வந்துகொண்டிருந்த மாமா அந்த நேரம் பார்த்துச் சேர்ந்தது அல்லாஹ்வின் அருள் என்றே இன்றும் நினைக்கிறேன். அவர் பலகையைத் தூக்கி எறிந்தார். கீழே ஒரு வயர் செங்கம்பியாகச் சிவந்து கிடந்தது. சைக்கிள் கூடையில் இருந்த ஸ்பேனரை எடுத்து, பற்றரியின் கறுப்புப் பக்கத்தைத் தளர்த்திப் பிடுங்கினார். சிவப்பு அடங்கியது. புகைந்துகொண்டிருந்த பலகையில் மணலை அள்ளிப் போட்டோம்.

தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அல்ஹம்துலில்லாஹ். கொஞ்சம் இருமினான். "ஏன் என்ன எழுப்பினீங்க?" என்று அழுதான். பலகையின் அடிப்பக்கம் தட்டளவு கருகியிருந்தது. அதற்கு மேலேதான் அவனுடைய தலையணை இருந்தது.

அன்றிரவு மாமா வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. "இனி இந்த வேன்ல புள்ள படுக்க வேணாம்" என்றார் உம்மா. அதற்குமேல் எதுவும் பேசவில்லை. காப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வாப்பா முற்றத்தில் இருந்தார். "கழற்றி எறிஞ்சிடுவம்" என்று மட்டும் சொன்னார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. பியூஸ் இருக்கிறது, பயமில்லை என்று சொன்னது நான்தானே.

விடிந்ததும் நான் வேனுக்குப் போய் முதலில் பார்த்தது அந்தப் பியூஸைத்தான். மஞ்சள் பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் மெல்லிய உலோகப் பாலம் அறுந்திருக்கும் என்று நினைத்தேன். அறுந்திருக்கவில்லை. வயர் எரிந்து, பலகை கருகி, ஒரு பிள்ளை தப்பிப் பிழைத்திருக்கிறான், ஆனால் பியூஸ் நேற்று வாங்கியது போலப் புதிதாக இருக்கிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பியூஸ் போலிச் சாமான் போல, மாமா" என்றேன்.

மாமா சிரிக்கவில்லை. "பியூஸ் நல்ல சாமான்தான் மகள். எரிஞ்ச இடத்தப் பாருங்க. பியூஸ் எங்க இருக்கு? பற்றரி எங்க இருக்கு?" என்றார்.

பார்த்தேன். பற்றரி பின்னால். பியூஸ் முன்னால். நடுவில் ஆறேழு அடி வயர். எரிந்த இடம் பற்றரியில் இருந்து ஒரு முழம் தள்ளி. அந்த இடத்தில் வயரின் உறை சின்னச் சின்னப் பல் தடங்களோடு அரிக்கப்பட்டிருந்தது. அருகில் எலிப் புழுக்கை. பலகைக்குக் கீழே கச்சான் பை வைத்திருந்தோம், எலி அதைத் தேடி வந்திருக்கிறது. உறை போன செப்பு, வேனின் துருவேறிய தகட்டில் பட்டிருக்கிறது. தகடு பற்றரியின் கறுப்பு முனையோடு தொடுக்கப்பட்டது. ஆகவே மின்னோட்டம் சிவப்பு முனையில் புறப்பட்டு, ஒரு முழம் வயரில் ஓடி, தகட்டில் இறங்கி, பற்றரிக்கே திரும்பிவிட்டது. பியூஸ் இருந்த பக்கம் அது போகவே இல்லை. தன் வழியாகப் போகாத ஓட்டத்தைப் பியூஸ் எப்படித் தடுக்கும்?

"காவல்காரன வீட்டுக்குப் பின்பக்கம் நிக்க வச்சிட்டு, முன் வாசலால கள்ளன் வந்திட்டான் எண்டு அவன ஏசிப் பயனில்ல" என்றார் மாமா.

பரீட்சைத் தாளில் நான் எழுதிய விடை பிழையில்லை. ஆனால் அந்த விடையில் "எங்கே" என்ற சொல் இருக்கவில்லை. பனல் ஒன்று நல்ல வெயிலில் ஏறக்குறைய 6 அம்பியர் தரும். அதன் முனைகளை நேரடியாகச் சேர்த்தாலும் அதைவிடப் பெரிதாக ஒன்றும் தராது. பற்றரி அப்படியில்லை. எங்கள் 100 அம்பியர் மணிப் பற்றரியின் இரு முனைகளையும் சேர்த்துவிட்டால் நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்டும். சூரியன் என்ற பெரிய பெயரைக் கேட்டு நாங்கள் கூரையைப் பார்த்துப் பயந்தோம். ஆபத்து கட்டிலுக்குக் கீழே இருந்தது. துருப்பிடித்த தகடு தடையாக இருந்ததால் முழு ஓட்டமும் பாயவில்லை, அதனால்தான் வயர் மெல்லச் சூடேறியது என்று மாமா சொன்னார். சுத்தமான தகடாக இருந்திருந்தால் எங்களுக்கு அந்த ஒரு நிமிடமும் கிடைத்திருக்காது.

12 வோல்ற்று அடிக்காது என்று நான் சொன்னதும் உண்மைதான். ஆனால் அடிக்காத மின்சாரம் எரிக்கும். வீட்டில் 230 வோல்ற்றில் 60 வாற்று வேலை செய்ய கால் அம்பியர் அளவே போதும். அதே வேலையை 12 வோல்ற்றில் செய்ய 5 அம்பியர் வேண்டும். அழுத்தம் குறையக் குறைய ஓட்டம் கூடுகிறது. வயரைச் சூடாக்குவது ஓட்டம்தான். ஆகவே வேனுக்குள் ஓடும் வயர் வீட்டு வயரை விடத் தடிப்பாக இருக்க வேண்டும்.

"கழற்றி எறியிறதா, திருத்துறதா எண்டு பிறகு யோசிங்க நானா" என்று மாமா வாப்பாவிடம் சொன்னார். "இண்டைக்கு ஒருக்கா நானும் மகளும் செய்து பாக்கிறம்." அவருக்கு இந்த வேலை புதிதல்ல. உலக வங்கியின் உதவியோடு 2002 முதல் 2011 வரை நடந்த திட்டத்தின் காலத்தில், கரண்ட் போகாத கிராமங்களில் வீடு வீடாகச் சோலர் பூட்டிய குழு ஒன்றில் அவர் உதவியாளாக இருந்தவர். அந்தக் காலத்தில் இலங்கையில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் 12 வோல்ற்று பற்றரியில்தான் விளக்கேற்றின. "பொம்பிளப் புள்ளைக்கு என்னத்துக்கு இந்த வேல?" என்று உம்மா ஒரு தடவை கேட்டார். பிறகு அவரே ரோச் லைற்றைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

முதலில் மாமா ஒரு பழைய போர்வையைக் கூரையில் ஏற்றிப் பனல்களை மூடச் சொன்னார். பனலுக்கு ஆளி கிடையாது. வெயில் படும்வரை அதன் முனைகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். கழற்றும்போது முதலில் பனல், பிறகு பற்றரி. பூட்டும்போது முதலில் பற்றரி, கடைசியில் பனல். பற்றரி இல்லாமல் பனலை மட்டும் தொடுத்தால் கொன்ரோலர் பழுதாகலாம். பற்றரியில் கை வைக்கும்போது கறுப்பு முனையை முதலில் கழற்ற வேண்டும், கடைசியாகப் பூட்ட வேண்டும். சிவப்பு முனையில் ஸ்பேனர் இருக்கும்போது அது தவறி வேன் தகட்டில் பட்டால் ஸ்பேனரே வயர் ஆகிவிடும். முதல் நாள் இரவு, அந்தப் பதற்றத்திலும் மாமாவின் கை கறுப்புப் பக்கம் போனது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிறகு அந்தப் பியூஸை எடுத்தோம். புதிதாக வாங்கவில்லை. அதே மஞ்சள் பியூஸ். மூடி உள்ள கூட்டுக்குள் அதைப் போட்டு, பற்றரியின் சிவப்பு முனைக்குப் பக்கத்தில், ஒரு சாணுக்குள் பூட்டினோம். அமெரிக்கப் படகுத் தரநிலை இதற்கு 7 அங்குலம் என்று ஒரு கணக்கு வைத்திருப்பதைப் பின்னர் வாசித்தேன். மாமாவின் சாணும் ஏறக்குறைய அந்தக் கணக்குத்தான். பியூஸுக்கு முன்னால் இருக்கும் வயருக்குக் காவல் இல்லை. அதனால் அந்தத் துண்டு எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

எத்தனை அம்பியர் பியூஸ் என்பதையும் என்னையே கணக்குப் பார்க்கச் சொன்னார். இரண்டு பனலும் சமாந்தரமாகத் தொடுக்கப்பட்டவை, உச்ச வெயிலில் 12 அம்பியர். கால் பங்கு கூட்டினால் 15. ஆகவே 15ஐ விடச் சிறிய பியூஸ் போட்டால் நல்ல வெயிலில் காரணமில்லாமல் அறுந்துகொண்டே இருக்கும். மேலெல்லையை வயர்தான் தீர்மானிக்கும். பழைய வயர் கடையில் 7/0.67 என்று கேட்டு வாங்கும் வீட்டு வயர். அது இரண்டரை சதுர மில்லிமீற்றர், 20 அம்பியர் அளவுக்குத் தாங்கும். வேனின் வெக்கையில் அது மட்டுமட்டு. புதிதாகப் போட்டது 6 சதுர மில்லிமீற்றர், மெல்லிய பல நூல் முறுக்கிய வளையும் வயர். அது 30 அம்பியருக்கு மேலும் தாங்கும். ஓட்டத்தை விடப் பெரிது, வயரின் தாங்குசக்தியை விடச் சிறிது, இந்த இரண்டுக்கும் நடுவில் பியூஸ். 20 சரியாகப் பொருந்தியது.

"பியூஸ் பல்பக் காப்பாத்த இல்ல மகள், வயரக் காப்பாத்த" என்றார் மாமா. "கரைவலைக் கயிறு தாங்காட்டி அறுந்திடும், எல்லாருக்கும் தெரியும். வயர் அறாது. பேசாம சூடாகிக்கிட்டே இருக்கும். அதுக்குத்தான் அறுற சாமான் ஒண்ட நாமளே வைக்கிறம்." பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய பியூஸ் போடுவதும், சிகரட் பெட்டியின் ஈயக் கடுதாசியைச் சுற்றி வைப்பதும் காவல்காரனைக் கட்டிப்போடுகிற வேலை என்றார். வாப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். பழைய ஜெனரேட்டரில் அவர் அதைச் செய்திருக்கிறார்.

கூரைப் பனல்களுக்குத் தனித்தனிப் பியூஸ் வேண்டாமா என்று கேட்டேன். பனலின் முதுகில் ஒட்டியிருந்த சிட்டையைப் பார்க்கச் சொன்னார். அதில் அந்தப் பனல் தாங்கக்கூடிய உச்ச பியூஸ் அளவு 10 அம்பியர் என்று அச்சடித்திருந்தது. இரண்டு பனல் இருக்கும்போது ஒன்று பழுதானால் மற்றதிலிருந்து அதற்குள் 6 அம்பியர்தான் பாயும், அது 10க்குள் அடங்கும். மூன்றாவது பனல் சேர்ந்தால், பழுதான ஒன்றுக்குள் மற்ற இரண்டும் சேர்ந்து 12 அம்பியர் தள்ளும். அப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு பியூஸ் கட்டாயம். வீட்டுப் பலகையில் இருக்கும் சாதாரண ஆளியையும் பிரேக்கரையும் இதற்குப் போடக் கூடாது என்றும் சொன்னார். வீட்டு மின்சாரம் ஆடலோட்டம். செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொட்டுப் போகும், ஆளியைத் திறக்கும்போது எழும் தீப்பொறி அந்த இடைவெளியில் செத்துவிடும். பற்றரியும் பனலும் தருவது நேரோட்டம், அது பூச்சியத்தைத் தொடுவதே இல்லை. எனவே பொறியும் சாகாமல் நீளும். நேரோட்டத்துக்கென்று குறிக்கப்பட்ட சாமானைத்தான் வாங்க வேண்டும். லித்தியம் பற்றரி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது கொட்டும் ஓட்டம் மிகப் பெரிது, அதை அறுக்கக்கூடிய தரமான பியூஸ் வேறு.

தகட்டில் துளை வரும் இடமெல்லாம் ரப்பர் வளையம் போட்டோம். வயர் முழுவதையும் வளையும் குழாய்க்குள் இழுத்தோம். பலகைக்குக் கீழே தின்பண்டம் எதுவும் வைப்பதில்லை என்று உம்மா சட்டம் போட்டார். சாஜ் ஆகும்போது பற்றரியில் இருந்து எரியக்கூடிய ஐதரசன் வாயு வரும் என்பதால், பற்றரிப் பெட்டிக்கு மூடி போட்டு, மேலே இருந்து ஒரு குழாயை வேனுக்கு வெளியே விட்டோம். முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, வாஸ்லின் பூசினோம். உடப்புக் கடற்காற்றில் செப்பு பச்சை பூத்துவிடும். தளர்ந்த இணைப்பையும் துருவையும் பியூஸ் கண்டுபிடிக்காது என்று மாமா சொன்னதை நான் வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். 10 அம்பியர் ஓடும் இடத்தில் தளர்ந்த இணைப்பு ஒன்று 0.2 ஓம் தடை கொடுத்தால், அந்த ஒரு புள்ளியில் 20 வாற்று வெப்பம் உண்டாகும். ஓட்டம் அளவோடுதான் இருக்கும், பியூஸ் பேசாமல் இருக்கும், பிளாஸ்டிக் உருகும். அதற்குப் பியூஸ் உதவாது. மாதம் ஒரு தடவை கையால் தொட்டுப் பார்ப்பதுதான் காவல்.

கடைசியாக, பியூஸுக்கு அடுத்து ஒரு பிரதான ஆளி. சிவப்புச் சாவி போட்டுத் திருப்பும் வகை. சாவியைக் கழற்றினால் பற்றரியில் இருந்து வேனுக்குள் எதுவும் போகாது.

அன்று பின்னேரம் லுஹருக்கும் அஸருக்கும் இடையில் வேலை முடிந்தது. மாமா கூலி வாங்கவில்லை. வாப்பா வற்புறுத்தியபோது, "தீமிதிப்புக்கு வாற என்ட புள்ளைகளுக்கு வளையல் குடுங்க நானா" என்றார். அந்த வருடம் தீமிதிப்பு இரவில் தூர நின்று பார்த்தேன். அத்தனை தணலும் அதற்கென்று எல்லை கட்டிய இடத்துக்குள் கிடந்தது. சுற்றி ஆட்கள் காவல் நின்றார்கள். எங்கள் வேனில் நெருப்புக்கு எல்லை போட நாங்கள் மறந்திருந்தோம்.

வீட்டுக்கு வந்து உம்மும்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு அம்பியரும் தெரியாது, ஓமும் தெரியாது. எலி வயரை அரித்தது என்ற இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். "இது புதுசா?" என்று கேட்டார். படுக்கப் போகும்போது விளக்குகளை அணைத்துவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதையும், எலி திரியை இழுத்துப்போய் வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று அதற்குக் காரணம் சொன்னதையும் எனக்கு நினைவூட்டினார். புகாரியில் வரும் அந்த ஹதீஸை மத்ரஸாவில் நானும் படித்திருக்கிறேன். எண்ணெய் விளக்குக் காலத்துக்கு உரியது என்று மனதில் ஒரு மூலையில் வைத்திருந்தேன். பற்றரி என்பது அணையாமல் எரியும் விளக்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. உம்மும்மா சொன்ன பிறகு அந்தச் சிவப்புச் சாவியை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன்.

இப்போது நான் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிக்கிறேன். அந்தப் பிரிவைத் தெரிவு செய்ததற்கு வேன் சம்பவம் மட்டும் காரணமில்லை, ஆனால் அதுவும் ஒரு காரணம். எங்கள் வீட்டாரும் கொஞ்சம் மாறியிருக்கிறார்கள். ஏதாவது பூட்டினால், "மகள், வந்து பாருங்க" என்று வாப்பா கூப்பிடுகிறார். நானும் பழையபடி "பயமில்ல" என்று உடனே சொல்வதில்லை. வயர் எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்த்து, அங்கிருந்து விரலால் தொட்டுக்கொண்டு போய், முதலில் வரும் காவல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். இதைச் செய்வதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. உங்கள் வாப்பாவின் முச்சக்கர வண்டியில், மாமாவின் லொறியில், தோட்டத்துக் காவற்குடிலில் பற்றரியும் வயரும் இருந்தால் நீங்களும் இன்றைக்கே ஒருதடவை பாருங்கள். பெற்றோரும் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள்.

அடுத்த வருடம் 2024 ஆடியில் மறுபடி உடப்புக்குப் போனோம். உம்மாவின் காப்பில் ஒன்று திரும்பி வந்திருந்தது. தம்பி வேனில்தான் படுப்பேன் என்று அடம்பிடித்தான். உம்மா நீண்ட நேரம் யோசித்துவிட்டு, தானே குனிந்து பலகைக்குக் கீழே ரோச் அடித்துப் பார்த்த பிறகு சம்மதித்தார். கடை மூடியதும் வாப்பா, "விளக்கணைச்சாச்சா?" என்று கேட்டார். அந்த வேலை தம்பியுடையது. சிவப்புச் சாவியைத் திருப்பிக் கழற்றினான். ஸுபஹுக்கு எழும்பும்போது, வெயில் பனலில் விழுவதற்கு முன், அதைத் திரும்பப் போட வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். சாவியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தவன், நாங்கள் மாமா வீட்டுக்குப் புறப்படும் முன்பே தூங்கிவிட்டான்.